மேசை மேல் ஜன்னல்கள்: ஐம்பது ஆண்டுக் கதை

நம் சங்க அலுவலகக் கணினியை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஓராண்டு நீட்டிப்பு உண்டு. ஆனால் அது நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோஸ் மாதிரிதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் நம் கணினியின் வயது அதற்கு ஒத்துவரவில்லை. புதுசு வாங்கிவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. இருக்கிற கணினியிலேயே லினக்ஸ் போட்டால் ஒரு பைசா செலவில்லை என்கிறார்கள் ஐ.டி. வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள். மேக் வாங்கலாமே என்று ஒரு குரலும் கேட்டது. பராமரிப்புக் கட்டண நிலுவையைச் சொன்னதும் அந்தக் குரல் அடங்கிவிட்டது.

விலையில் ஆரம்பித்த வாக்குவாதம் கடைசியில் ஒரு நல்ல இடத்தில் வந்து நின்றது. ஒரே நேரத்தில் நாலைந்து வேலைகளைத் திறந்து வைத்தால், அந்த ஜன்னல்களை எந்தக் கணினி ஒழுங்காகக் கையாளுகிறது? சிலருக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மணிக்கு ஒரு பக்கம் வங்கிக் கணக்கு விவரம், ஒரு பக்கம் எக்செல், ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பணம் கட்டிய ரசீதுகள். மூன்றையும் ஒப்பிட்டு டிக் அடித்தால்தான் உங்கள் வீட்டுக் கணக்கில் வரவு வைக்க முடியும். எந்த ஜன்னல் எதை மறைக்கிறது என்பதில்தான் அவருடைய பாதி நாள் போகிறது. ஆகவே இந்த ஜன்னல்கள் எங்கிருந்து வந்தன, யார் யார் அவற்றை என்ன பாடு படுத்தினார்கள் என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்டோஸ் என்பது மைக்ரோசாஃப்டின் சரக்கு. ஜன்னல் என்று நான் சொல்வது எந்தக் கணினியிலும் திரையில் திறக்கும் கட்டத்தை. தமிழில் சாளரம் என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் யாரும் சாளரத்தைச் சாத்துவதில்லை என்பதால் நான் ஜன்னலிலேயே நிற்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜன்னல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். அவர்கள் சொல்வது ஜனெலா. மேசையும் அப்படித்தான், சாவியும் அப்படித்தான். ஆக, கணினித் திரையின் ஜன்னல், அது உட்கார்ந்திருக்கும் மேசை, விசைப்பலகையில் நாம் தட்டும் ‘கீ’, மூன்றுக்கும் நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் கப்பலேறி வந்தவை.

மேசையிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். என்னைப் போல 1980களில் வங்கியில் சேர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சேமிப்புக் கணக்கு கவுன்டரில் லெட்ஜர் விரிந்து கிடக்கும். அதன் மேல் ஒரு ஓரமாகக் காசோலை. பக்கத்தில் மாதிரிக் கையெழுத்து அட்டை. அடியில் பாதி தெரிகிற மாதிரி வவுச்சர் கட்டு. ஒன்றின் மேல் ஒன்று கிடந்தாலும் எது எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். மேலே கிடப்பதை நகர்த்தினால் கீழே கிடப்பது அப்படியே இருக்கும். இதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

அப்புறம் இயந்திரம் வந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது. அதையொட்டிக் கிளைகளுக்கு வந்தவைதான் ஏ.எல்.பி.எம். என்று நாங்கள் சொன்ன லெட்ஜர் பதியும் இயந்திரங்கள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். ஒரு வரிக்கு 80 எழுத்து, சுமார் 25 வரி, அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து ‘சார், என் செக் பாஸ் ஆயிடுச்சுங்களா’ என்று கேட்டால், இருந்த திரையிலிருந்து வெளியே வந்து, மெனுவுக்குப் போய், அடுத்த கணக்கு எண்ணைத் தட்டி, பார்த்துச் சொல்லிவிட்டு, பழையபடி திரும்ப வேண்டும். கூட்டல் பிழை ஒழிந்தது, வட்டிக் கணக்கு நிமிடத்தில் முடிந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் விரிந்து கிடந்த மேசையை அந்த இயந்திரம் ஒரே ஒரு காகிதமாகச் சுருக்கிவிட்டது. அன்று சங்கக் கூட்டங்களில் வேலை போய்விடும் என்று பேசினோமே தவிர, மேசை போய்விட்டது என்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் அந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு வெகு முன்பே மேசையைத் திரைக்குள் கொண்டுவந்து விட்டார்கள் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1968 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் மவுஸை வைத்துத் திரையைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். அதிலிருந்து ஐந்தாண்டு கழித்து, நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பேர்போன ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிக் கூடத்தில் ஆல்டோ என்ற கணினி பிறந்தது. அதன் திரை இப்போது போல அகலமாக இல்லை, ஒரு காகிதத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி உயரமாக இருந்தது: 606 புள்ளி அகலம், 808 புள்ளி உயரம். அந்தச் சின்ன இடத்தில் நிறைய விஷயங்களை எப்படி வைப்பது? ஆலன் கே என்பவரின் குழு ஒரு வழி கண்டது. மேசையில் காகிதம் கிடப்பது போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவது. அடியில் இருப்பதைத் தொட்டால் அது மேலே வர வேண்டும். நம் கவுன்டரில் லெட்ஜரும் வவுச்சரும் கிடந்த அதே ஏற்பாடு.

ஆனால் இதே ஜெராக்ஸ் 1981இல் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பின்வாங்கிவிட்டது. ஜன்னல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது, தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி பக்கம் பக்கமாகத்தான் நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று விட்டால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னல்களை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கணினியின் விலை 16,595 டாலர். அந்தக் காசைக் கொடுத்து வாங்கியவன் ஜன்னல் நகர்த்திக்கொண்டிருந்தால் முதலாளிக்கு வயிறு எரியத்தானே செய்யும்.

அடுக்குவதா, டைல்ஸ் போல் பதிப்பதா என்ற இந்த வழக்குதான் அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிறது. நம் சங்கத்தில் நடந்ததும் அதன் கிளை வழக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஆராய்ச்சியாகவே செய்தும் பார்த்தார்கள். ஜெராக்ஸ் கூடத்தைச் சேர்ந்த சாரா பிளை, ஜாரட் ரோசன்பர்க் இருவரும் 1986இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விஷயம் கட்டத்துக்குள் அடங்குகிற வேலை என்றால் டைல்ஸ் முறையில் வேகமாக முடிகிறது. கட்டத்துக்குள் அடங்காத, அங்கும் இங்கும் தேட வேண்டிய வேலை என்றால், கை பழகியவர்கள் அடுக்கு முறையில் வேகமாக முடிக்கிறார்கள், பழகாதவர்கள் திணறுகிறார்கள். ஆக, வேலையையும் ஆளையும் பொறுத்தது. இந்தச் சின்ன உண்மையை ஒவ்வொரு கம்பெனியும் மறந்து மறந்து திரும்பக் கற்றுக்கொண்டதுதான் மிச்ச வரலாறு.

1979 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனிக்காரர்கள் ஜெராக்ஸ் கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தக் குழுவில் பில் அட்கின்சன் என்ற புரோகிராமர் இருந்தார். அடியில் கிடக்கும் ஜன்னலின் வெளியே தெரிகிற பகுதி மட்டும் தானாக வரைந்துகொள்வதை அங்கே பார்த்ததாக அவருக்கு நினைப்பு. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பிற்பாடுதான் தெரிந்தது, ஜெராக்ஸ்காரர்கள் அதைச் செய்யவே இல்லை என்று! இல்லாத ஒன்றைப் பார்த்ததாக நம்பியதாலேயே அது உண்டாகிவிட்டது. அந்த வேலை நடந்த நாட்களில் அவர் கார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதறிக்கொண்டு பார்க்க வந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம், கவலைப்படாதீர்கள், அந்தக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொன்னதாக ஆப்பிளில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1983இல் லிசா, 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் இரண்டும் அந்த அடுக்கு ஜன்னலோடு வந்தன. மெக்கின்டாஷின் திரை 9 அங்குலம். இன்றைக்கு நம் பேரன்மார் கையிலிருக்கும் டேப்லெட்டை விடச் சின்னது.

மைக்ரோசாஃப்ட் 1985 நவம்பரில் விண்டோஸ் முதல் பதிப்பை வெளியிட்டபோது டைல்ஸ் முறையைத்தான் எடுத்தது. வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்காட் மெக்ரிகர் ஜெராக்ஸிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். அதே மாதம் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் ஒரு உரிம ஒப்பந்தமும் போட்டுக்கொண்டன. 1987 கடைசியில் விண்டோஸ் 2 வந்தது. டைல்ஸ் போய், அடுக்கு வந்துவிட்டது. 1988 மார்ச்சில் ஆப்பிள் வழக்குப் போட்டது.

வங்கியில் ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துப் பழகியவன் என்பதால் இந்த வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் திரையிலிருந்து எடுத்தவை என்று ஆப்பிள் கொடுத்த பட்டியலில் 189 இனங்கள். நீதிபதி 1985 ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்த்தார். 179 இனங்களுக்கு நீங்களே உரிமம் கொடுத்திருக்கிறீர்களே என்று தள்ளிவிட்டார். மிச்சம் 10. அதில் முக்கியமானது ஜன்னல் மேல் ஜன்னல். ஏன் அது மிஞ்சியது? ஒப்பந்தம் போட்டபோது இருந்த விண்டோஸ் முதல் பதிப்பில் அது கிடையாது, ஆகவே உரிமத்தில் அது அடங்கவில்லை. ஆனால் மேற்கொண்டு போன விசாரணையில் அதற்கும் ஆப்பிளால் உரிமை கொண்டாட முடியவில்லை. ஜன்னல் என்ற எண்ணத்துக்குள்ளேயே அடுக்குவது அடங்கியிருக்கிறது, பதிக்கலாம் அல்லது அடுக்கலாம், வேறு வழி ஏது என்பதுதான் சாரம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994இல் தீர்ப்பை உறுதி செய்தது. 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மேசையில் காகிதத்தை அடுக்குவதற்கு யாரும் பட்டா வாங்க முடியாது என்று முடிந்தது விவகாரம். வேறு மாதிரி முடிந்திருந்தால் இன்று நாம் எல்லோரும் ஒன்று மேக் வாங்கியிருக்க வேண்டும், இல்லை டைல்ஸோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

அடுக்கு முறை வென்றதே தவிர அதன் வியாதி தீரவில்லை. காகிதம் மேசையில் மறைந்தால் தூக்கிப் பார்ப்போம். திரையில் ஜன்னல் மறைந்தால் அது இல்லாமலே போய்விட்டதாகப் பதறுகிறோம். நம் குடியிருப்பிலேயே மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது கதவைத் தட்டுவார்கள்.

‘அண்ணா, அடிச்சு வெச்ச லெட்டர் அழிஞ்சு போச்சுங்க.’

‘அழியலைங்கம்மா, அடியில கெடக்குது.’

விண்டோஸ் 3.1 காலத்தில் இது இன்னும் மோசம். சுருக்கி வைத்த ஜன்னல் சின்னப் படமாகி மேசையின் அடிப்பக்கம் போய் உட்காரும். அதன் மேல் வேறு ஜன்னல் வந்து மூடிவிடும். அந்தத் தலைமுறை விண்டோஸை வைத்துச் சாதாரண ஆட்களைச் சோதித்துப் பார்த்த மைக்ரோசாஃப்ட்காரர்கள், புதியவர்கள் மறைந்த ஜன்னலை மூடிப்போனதாக நினைத்து அதே புரோகிராமை மறுபடி மறுபடி திறப்பதைக் கண்டார்கள். அதற்கு மருந்தாக வந்ததுதான் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95இன் டாஸ்க்பார். திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பட்டன், எதனாலும் மறைக்கப்படாமல். வங்கியில் டோக்கன் பலகை மாதிரி: ஆள் எங்கே போனாலும் எண் பலகையில் இருக்கும். என்னைக் கேட்டால் ஐம்பது ஆண்டில் வந்த கண்டுபிடிப்புகளில் சாதாரண மனிதனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இனி நம் ஊர்ப் பக்கம். லினக்ஸ் என்றதும் அது ஏதோ அமெரிக்கப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: தமிழ்நாடு அரசு இந்தப் பாதையில் ஏற்கனவே நடந்திருக்கிறது. 2006 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2007இல் மத்திய அரசின் சி-டாக் சென்னை மையம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் வேலம்பாளையத்திலும் அந்த லேப்டாப் வந்த வீடுகள் உண்டு. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தல் போனது. இன்றைக்கு நாம் விண்டோஸ் 10ஐ வைத்துக்கொண்டு முழிப்பதும் அதே முழிதான். பதினொரு ஆண்டு இடைவெளி, அவ்வளவே.

லினக்ஸில் ஜன்னல் விஷயம் அடிப்படையிலேயே வேறு. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்த எக்ஸ் விண்டோ என்ற ஏற்பாட்டில், திரையில் வரைவது ஒரு வேலை, ஜன்னல்களை நிர்வகிப்பது தனி வேலை என்று பிரித்துவிட்டார்கள். நிர்வகிப்பவர் பிடிக்கவில்லையா, அவரை மட்டும் மாற்றிவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். வாட்ச்மேனை மாற்றக் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை அல்லவா? 1996இல் கே.டி.இ., 1997இல் க்னோம் என்று முழு மேசைகளே வந்தன. அந்தக் காலத்து க்னோமில் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தனி மேசை. கணக்குக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று. இந்தப் பல மேசை யோசனையும் 1980களின் ஜெராக்ஸ் சரக்குதான். லினக்ஸில் அது சர்வசாதாரணம். மேக்கில் 2007இல் வந்தது. விண்டோஸில் எல்லோருக்கும் கிடைத்தது 2015இல், பத்தாம் பதிப்பில். இந்த ஒரு விஷயத்தில் நம் ஐ.டி. பிள்ளைகள் பெருமையடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் ஒரு அத்தியாயமும் உண்டு. 2010இல் ஐபேட் வந்தது. ஒரு நேரத்தில் திரை முழுக்க ஒரே வேலை. உலகமே அதைப் பார்த்து மயங்கிவிட்டது. இனிமேல் ஜன்னல் எதற்கு, அடுக்கு எதற்கு என்ற காய்ச்சல் எல்லாக் கம்பெனிக்கும் பிடித்தது. லினக்ஸும் தப்பவில்லை. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3இல், ஜன்னலைச் சுருக்கும் பட்டனையும் பெரிதாக்கும் பட்டனையும் எடுத்தே விட்டார்கள்! கீழே இருந்த பட்டியலும் போயிற்று. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் வேறு மேசைக்கு மாறினார். பழைய மேசையை அப்படியே காப்பாற்ற மேட் என்றும், புதியதைப் பழைய மாதிரி ஆக்கச் சின்னமன் என்றும் இரண்டு கிளைகள் பிரிந்தன. பிரித்துக்கொண்டு போக முடிந்தது, அது லினக்ஸின் பலம். பிரிய வேண்டிய நிலை வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விண்டோஸ்காரனுக்கு அந்த வசதியும் இல்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. ஸ்டார்ட் பட்டனைக் காணோம். புது வகைப் புரோகிராம்கள் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டன. பெயரே ஜன்னல்கள், உள்ளே ஜன்னல் இல்லை. அந்த வருடம் கணினி வாங்கியவர்கள் பலர், பழைய ஏழாம் பதிப்பைப் போட்டுத் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஓராண்டில் 8.1 என்று பட்டனைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015இல் பத்தாம் பதிப்பில் அந்தப் புரோகிராம்களையும் ஜன்னலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

மூன்றாவது உதாரணம் நம் மண்ணின் மைந்தர் சம்பந்தப்பட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளில் குரோம் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 2009 ஜூலையில் குரோம் ஓ.எஸ். என்ற புது ஏற்பாட்டை அறிவித்தார்கள். கணினி என்றாலே பிரவுசர்தான், வேறு எதுவும் வேண்டாம் என்பது கொள்கை. ஆரம்பத்தில் திரை முழுக்க ஒரே பிரவுசர். மேசையும் இல்லை, அடுக்கும் இல்லை. சுத்தமான யோசனை. எத்தனை நாள் தாங்கியது? 2012இல், அதாவது அந்தக் கணினிகள் கடைக்கு வந்து ஒரு வருடத்துக்குள், ஒன்றன் மேல் ஒன்று ஏறும் ஜன்னல்களும் கீழே ஒரு பட்டியும் வந்துவிட்டன.

காய்ச்சலைக் கிளப்பிவிட்ட ஐபேடின் கதை இன்னும் நீளம். 2015இல் இரண்டு வேலைகளைப் பக்கம் பக்கமாக வைக்கலாம் என்றார்கள், அதாவது டைல்ஸ். 2022இல் ஏதோ ஒரு அரைகுறை அடுக்கு. 2025இல் ஐபேட் ஓ.எஸ். 26 வந்தபோது, விரும்பிய அளவில், விரும்பிய இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல்கள். 1984இன் 9 அங்குல மெக்கின்டாஷ் இருந்த இடத்துக்கு 41 ஆண்டு கழித்து வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தனை பெரிய மூளைகள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே சுவரில் முட்டிக்கொள்கின்றன? எனக்குத் தோன்றுவது இதுதான். புதிதாக ஒருவர் உட்காரும்போது ஒற்றைத் திரைதான் சுலபம். கடையில் காட்டி விற்கவும் அதுதான் அழகு. கஷ்டம் மூன்றாவது மாதத்தில்தான் தெரியும். எந்த இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும். மேசை செய்த தச்சருக்குத் தெரியாது.

சரி, சண்டைக்கு வருவோம். இன்றைய நிலையில் யார் கெட்டி? கணக்கு வேலைக்கு என் ஓட்டு விண்டோஸுக்குத்தான். 2009இல் ஏழாம் பதிப்பில் ஒரு சமரசம் செய்தார்கள். ஜன்னலை இழுத்துக்கொண்டு போய்த் திரையின் ஓரத்தில் முட்டினால் சரிபாதியாக ஒட்டிக்கொள்ளும். அடுக்கு வேண்டுமா அடுக்கு, டைல்ஸ் வேண்டுமா டைல்ஸ், முடிவு உங்கள் கையில். 2021இல் பதினொன்றாம் பதிப்பில் மூன்றாக, நாலாக வைக்கும் மாதிரிக் கட்டங்களையும் கொடுத்தார்கள். ஆனால் அதே பதிப்பில் டாஸ்க்பாரைக் குட்டிச்சுவராக்கினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பக்கவாட்டுக்கு நகர்த்த முடியாதபடி செய்தார்கள். நாலு எக்செல் திறந்தால் நாலு பட்டன் தெரிந்த பழைய வழியை எடுத்துவிட்டு, ஜனங்கள் திட்டித் தீர்த்த பிறகு 2023இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

லினக்ஸில் சின்னமன், கே.டி.இ. போன்ற மேசைகள் இந்த ஓரத்தில் ஒட்டும் வேலையை விண்டோஸுக்குச் சமமாகவே செய்கின்றன. ஒரு ஜன்னலை எப்போதும் மேலேயே நிறுத்தி வைக்கும் வசதி அங்கே தலைப்புப் பட்டியில் வலது கிளிக்கிலேயே கிடைக்கிறது. கால்குலேட்டரை அப்படி நிறுத்திவிட்டுக் கூட்டினால் சுகமாக இருக்கும். மேக் அழகுதான், திரையும் பளிச்தான். ஆனால் ஜன்னலை எந்த விளிம்பிலும் பிடித்து இழுக்க அவர்கள் அனுமதித்ததே 2011இல். அதுவரை வலது கீழ் மூலையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டும் வசதி 2024 செப்டம்பரில்தான் வந்தது, விண்டோஸுக்குப் பதினைந்து வருடம் பிந்தி. அடுக்கு ஜன்னலை நமக்கெல்லாம் கொண்டுவந்து சேர்த்த கம்பெனிக்கு இந்தச் சோம்பல் எப்படி வந்தது என்பது புரியாத புதிர்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த ஊரின் பனியன் கம்பெனிகளில் கணக்கு என்றால் டேலி. 1986இல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. மவுஸ் தொடாமல் விசைப்பலகையிலேயே ஓடும். திரை முழுக்கத் தனக்கே எடுத்துக்கொள்ளும். ஒரு வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது பார்ட்டியின் நிலுவையைப் பார்க்க வேண்டுமென்றால், நம் அக்கவுன்டன்ட் பிள்ளைகள் டேலியையே இரண்டு தடவை திறந்து வைத்துக்கொண்டு ஆல்ட் டேப் தட்டித் தாவுவார்கள். 2020 நவம்பரில் வந்த டேலி பிரைமில் ‘கோ டு’ என்று ஒரு வழி வைத்தார்கள். போட்டுக்கொண்டிருக்கும் வவுச்சர் அப்படியே நிற்க, வேறு அறிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஏ.எல்.பி.எம். திரைக்கு எதிரே உட்கார்ந்து நாங்கள் ஏங்கியது இதற்குத்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு டேலி ஒரு பக்கம், போர்ட்டல் ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம் என்றாகிவிட்டது. மெர்ச்சன்டைசர் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள்: பையரின் மெயில், அளவு அட்டவணை, காஸ்டிங் ஷீட் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு அளவைத் தப்பாகப் படித்தால், கட்டிங் மேசையில் துணி வெட்டிய பிறகுதான் தெரியும்.

நம் அலுவலகத்துக்கு வருவோம். சங்கத்தின் கணக்கும் டேலியில்தான் இருக்கிறது. அது விண்டோஸில் ஓடச் செய்யப்பட்டது. லினக்ஸில் ஓட்டச் சுற்று வழிகள் இருந்தாலும், தணிக்கை நேரத்தில் மக்கர் செய்தால் யார் பார்ப்பது? ஆகவே அலுவலகத்துக்குப் புதுக் கணினி, அதோடு 24 அங்குலத் திரை. பாதியாகப் பிரித்தாலும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதால் திரையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போட்டு நூலக அறையில் வைக்கலாம். பிள்ளைகள் பொறுப்பேற்கத் தயார் என்கிறார்கள். பொதுக்குழுவில் இதை எழுத்து மூலமாகவே முன்வைக்கப் போகிறேன்.

அதுவரை, ஜன்னல் தொலைந்துபோனால் கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டே டேப் தட்டினால் திறந்திருப்பவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸ் படம் போட்ட சாவியோடு இடது அம்பைத் தட்டினால் ஜன்னல் இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். வலது அம்புக்கு வலது பாதி. அதற்கு மேலும் கிடைக்காவிட்டால் தாராளமாக வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.